தண்டாஸ் மேடம்

கிள்ளானை அடுத்த காப்பாரில் சோப்பு அடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் கூட்ட அறையில் அன்று முதலாளி இருந்தார். அவருடைய மகன் இருந்தான். ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் கவனித்துக்கொள்ளும் மைத்துனர் இருந்தார். எங்கள் நிறுவனத்தின் சார்பில் நான் இருந்தேன். பெண் தொழிலாளர்களின் நிலையைப் பற்றிய கூட்டம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பெண் தொழிலாளர் ஒருவர்கூட அங்கே இல்லை. கூட்டத்தை நடத்த வேண்டியவரும் இல்லை. அவர் கழிப்பறைக்குப் போயிருந்தார்.

முதலாளி வரவழைத்த தே தாரிக் தேநீர் ஆறி, மேலே ஆடை படியத் தொடங்கியிருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“தம்பி, மேடத்துக்கு வயிறு ஏதும் சரியில்லையா?”

“அப்படியெல்லாம் இல்ல அங்கிள். வந்துருவாங்க.”

“மேல கெஸ்ட் டாய்லெட் இருக்கு, ஏர்கோன் போட்டது. காட்டினேன். வேணாம்னுட்டாங்க. கீழ போயி வேலைக்காரப் பொம்பளைங்க வரிசையில நிக்கறாங்க லா!”

மகன் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான். “அவங்கதான்பா தண்டாஸ் மேடம். பூச்சோங் அங்கிள் சொன்னாரில்ல?”

பெயர் எங்களுக்கு முன்னால் காப்பார் வந்து சேர்ந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் முதலில் தண்டாஸ் எங்கே என்று மலாயில் கழிப்பறையைக் கேட்பவருக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு முதலாளிகள் வேறு எந்தப் பெயரை வைப்பார்கள்? அவருக்கும் அது தெரியும். “இதைவிட மோசமா வெச்சிருக்கலாம், விடு” என்று சிரிப்பார். சொந்தப் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இந்தப் பெயரே இருக்கட்டும்.

எங்கள் நிறுவனம் சோப்பும் தலைமுடி எண்ணெயும் விற்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உயரமான கட்டடம் ஒன்றில் அலுவலகம். நாங்களாக எதையும் தயாரிப்பதில்லை. ஒருவர் காய்ச்சுவார், ஒருவர் புட்டியில் அடைப்பார், ஒருவர் லேபிள் அடிப்பார், இன்னொருவர் பெட்டியில் கட்டி லோரியில் ஏற்றுவார். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று நிறுவனம் ஒரு கொள்கை வகுத்து, மின்தூக்கிக்குப் பக்கத்தில் பெரிய சுவரொட்டியும் ஒட்டியது. அதில் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு நிஜம்தானா என்று நேரில் போய்ப் பார்த்துவர நியமிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர். தண்டாஸ் மேடமும் நானும்.

நான் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். என் வேலை என்ன என்று அம்மாவுக்கு விளக்கியபோது அவர் நம்பவில்லை.

“யூனிவர்சிட்டி எல்லாம் போனது இதுக்கா? ஊருல உள்ள தண்டாஸையெல்லாம் எட்டிப் பார்க்கவா?”

“நான் எட்டிப் பார்க்கறதில்லம்மா. வெளியதான் நிக்கறேன்.”

“அது அதைவிட அசிங்கம்.”

உண்மையில் என் பங்கு அதுதான். மேடத்தின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குச் சற்றுத் தள்ளி நிற்பேன். கடந்து போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “பேக்கு நல்லாருக்கு தம்பி, எங்க வாங்கினீங்க?” என்று ஒரு முறை ஓர் ஆன்டி கேட்டே விட்டார்.

மேடத்துக்கென்று ஒரு முறை இருந்தது. காரில் ஏறியதும் ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியை மடியில் வைத்துக்கொள்வார். டோல் சாவடி தாண்டியதும் குடிக்க ஆரம்பிப்பார். போய்ச் சேரும்போது புட்டி காலியாக இருக்கும். நான் ஒரு நாள், உள்ளே போய்ப் பார்த்தால் போதாதா, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

“பார்க்கப் போனா பார்க்கறதுக்குன்னு இருக்கறதைத்தான் காட்டுவாங்க. எனக்கு அவசரம்னா காட்டறதுக்கெல்லாம் நேரமில்ல” என்றார். “நாம நிரப்பற ஃபோம்ல ‘இருக்கா’ன்னுதான் கேட்டிருக்கு. ‘போக முடியுமா’ன்னு எவனும் கேக்கல.”

இந்த முறையும் எப்போதும் வெற்றி பெற்றதில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு முறை மழையோடு பெரிய நெரிசல். வண்டி நகரவில்லை. பாதிப் புட்டி உள்ளே போய்விட்டது. அவர் முதலில் பேசுவதை நிறுத்தினார். பிறகு வானொலியை அணைக்கச் சொன்னார். அப்புறம் மிக மெதுவாக, “முன்னாடி இருக்கற பெட்ரோல் ஸ்டேசன்ல நிறுத்து. ஒண்ணும் பேசாத” என்றார். ஓடிப்போய்த் திரும்பி வந்து கதவைச் சாத்தியபோது அவர் முகத்தில் நிம்மதி இல்லை. “சே, வீணாப் போச்சு” என்று சொல்லிவிட்டு இன்னொரு புட்டி வாங்கி வரச் சொன்னார்.

மேடத்துக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும். கழுத்தளவு வெட்டிய முடி, தடித்த கண்ணாடி, சுடிதாரோடு, ஓட்டப் பயிற்சிக்குப் போடும் சப்பாத்து. சத்தமாகச் சிரிப்பார். அவருடைய பூட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்தவராம். வீட்டில் டாக்டரும் வக்கீலுமாக இருந்தார்கள். இதைத் தெரிந்துவைத்திருந்த முதலாளிகள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். “யாழ்ப்பாணத்துக்காரங்க வீட்டுப் பொண்ணு, ஏர்கோன்ல உட்கார்ந்து கையெழுத்துப் போடாம தண்டாஸ் தண்டாஸா ஏறி எறங்குது பாரு.” அவர் காதிலும் விழும். “எங்க வீட்டுலயும் அதைத்தான் சொல்றாங்க” என்பார்.

பூச்சோங்கில் அவருக்கு இந்தப் பெயரை வைத்தவர் ஒரு புட்டித் தொழிற்சாலை முதலாளி. அங்கே பெண்கள் கழிப்பறை மணத்தது. கண்ணாடி, புது சோப்பு, குவளையில் ஆர்க்கிட் பூ. முதலாளியே வாசல் வரை வந்து வழிகாட்டினார். மேற்பார்வையாளராக இருந்த ஓர் அக்காவைத் துணைக்கு அனுப்பினார். உள்ளே போன இருவரும் இருட்டில் சற்று நேரம் சுவரைத் தடவுகிற சத்தம் வெளியே எனக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் அவர் முதலாளியிடம் கேட்டார். “பாஸ், இந்த அக்கா எத்தனை வருசமா இங்க வேலை செய்யறாங்க?”

“நம்ம பழைய ஆளு மேடம். ஆரம்பத்துல இருந்து இருக்காங்க.”

“லைட் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு அவங்களுக்கே தெரியலையே.”

முதலாளி சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். எங்களைப் போன்றவர்கள் வருகிற நாளில் மட்டும் திறக்கிற அறை அது. உண்மையில் அந்தப் பெண்கள் பயன்படுத்தியது கிடங்குக்குப் பின்னால் இருந்தது. தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடமும் அங்கேதான் போனார். அந்த மேற்பார்வையாளர் அக்காவே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செலாயாங்கில் நடந்தது வேறு மாதிரி. மொத்தச் சந்தைக்குப் பின்புறத் தெருவில் லேபிள் அடிக்கிற சின்னப் பட்டறை. முதலாளி ஒரு சீனத் தவுக்கே, நல்ல மனிதர். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு வேலை கொடுத்திருக்கிறார் என்று எங்கள் நிறுவனத்தின் செய்தி மடலில்கூட அவர் படம் வந்திருந்தது. அந்த ஊழியர் பெயர் ரவி. என்னைவிட மூத்தவர். வெயில் கொளுத்திய மத்தியானம், தவுக்கே எல்லோருக்கும் ஐஸ் போட்ட லெமன் டீ வாங்கி வந்தார். எல்லோரும் எடுத்தார்கள். ரவி வேண்டாம் என்றார்.

“சளியாண்ணே?” என்று நான் கேட்டேன்.

“இல்ல பாஸ். வேலை நேரத்துல குடிக்கறதில்ல.”

தண்டாஸ் மேடம் உறிஞ்சு குழாயை வாயிலிருந்து எடுத்தார். எழுந்துபோய்க் கழிப்பறைக் கதவின் முன்னால் நின்றார். திரும்பி நாற்காலியின் சக்கரங்களைப் பார்த்தார். மறுபடி கதவின் அகலத்தைப் பார்த்தார். தவுக்கேயைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ சொன்னார். தவுக்கேயின் முகம் சிவந்துபோனது. கோபம் இல்லை, வெட்கம். “நான் கேட்கவே இல்லையே, அவனும் சொல்லவே இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் கதவையும் நிலைச் சட்டத்தையும் கழற்றிவிட்டு தடித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். சரியான கதவு அப்புறம் வந்தது. நாங்கள் கிளம்பும்போது ரவி மிச்சமிருந்த லெமன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் குவளையைச் சற்று உயர்த்தினார்.

தண்டாஸ் மேடம் இப்போது எங்கள் நிறுவனத்தில் இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஜொகூரில் பெரிய இடத்தில் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் எழுதவில்லை. முன்பின் தெரியாத பெண்களிடம் வரிசையில் நின்றபடியே மாதவிலக்கு நாட்களைப் பற்றி உரக்கக் கேட்பார். அவர்கள் கூசி நெளிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் கண்ணில் பட்டதைச் சரிசெய்தே தீர வேண்டும் என்ற வேகத்தில், அங்கேயே வாழ்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்க மறந்துவிடுவார். காப்பாரில் அது பெரிய வினையாக முடியப் பார்த்தது.

அன்று கூட்ட அறைக்கு அவர் திரும்பி வந்தபோது ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“மன்னிச்சிருங்க பாஸ். கட்டை வர லேட்டாயிருச்சு.”

முதலாளியும் மைத்துனரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். சோப்பைப் பெட்டியில் அடுக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மரக்கட்டை இருக்கிறது. ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போகிறவர்தான் கழிப்பறைக்குப் போகலாம். அவர் திரும்பி வந்து மாட்டுகிற வரைக்கும் அந்த வரிசையில் வேறு யாரும் நகரக் கூடாது. அவரும் ஒரு வரிசையில் போய்க் கட்டைக்காகக் காத்திருந்தாராம். கர்ப்பிணி ஒருத்திக்கு மற்றவர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். தங்களுக்கு முறை வராது என்று அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள்.

“மேடம், கட்டை இல்லாட்டி நாலு பேரு ஒண்ணாக் கெளம்பிருவாங்க” என்றார் முதலாளி. “சோப்பு ஓடற பெல்ட்டு நிக்காது. சோப்பு கீழ கொட்டும். அப்புறம் உங்க கம்பெனிதான் எனக்கு ஃபைன் போடும்.”

“லோரி ஏத்தற ஆம்பளைங்களுக்குக் கட்டை இல்லையே பாஸ்?”

“அங்க பெல்ட்டு இல்ல மேடம்.”

“மாசத்துல சில நாளு பொம்பளைங்களால காத்திருக்க முடியாது. கட்டைக்கு அது தெரியாது.”

முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் முதன்முறையாகக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

அலுவலகம் திரும்பியதும் மேடம் அந்தத் தொழிற்சாலைக்குச் சிவப்புக் குறி போட்டார். சிவப்பு விழுந்தால் குறையைச் சரிசெய்கிற வரைக்கும் எங்கள் ஆர்டர் பாதியாகிவிடும். பயந்தால் சரிசெய்வார் என்பது அவருடைய எண்ணம். முதலாளி பயந்தார். சில நாட்களில் எனக்கு அழைப்பு வந்தது.

“தம்பி, மேடத்துகிட்ட நீயே சொல்லிரு. பொம்பளைங்க இருந்தாத்தானே பொம்பளைங்க பிரச்சினை? தமிழ்நாட்டுல இருந்து பெர்மிட்ல வந்த பையனுங்க ரெடியா இருக்கானுங்கன்னு ஏஜென்ட் சொல்றான். மாசக் கடைசியோட லேடீஸை நிப்பாட்டிடறேன். அப்புறம் வந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் தண்டாஸைப் பாருங்க.”

மேடத்திடம் சொன்னேன். அவர் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றுபோனது. பிறகு, “அந்தப் பொம்பளைங்களைப் பார்க்கணும். ஃபேக்டரிக்கு வேணாம், பஸ் நிக்கற இடத்துக்குப் போவோம்” என்றார்.

மறுநாள் மாலை காப்பார் டவுனில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றது. இறங்கிய பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வரிசைத் தலைவியான சாந்தி அக்கா மட்டும் நேராக வந்தார். கனத்த குரல்.

“வாங்கக்கா. வந்தீங்க, ஒண்ணுக்குப் போனீங்க, போயிட்டீங்க. இப்ப எங்களுக்கு வேலை போவுது.”

மேடம் அவர் பக்கம் ஓரடி எடுத்துவைத்தார்.

“உங்களை யாராச்சும் கூப்பிட்டமா? கட்டையோடதான் இருந்தோம், இருந்துக்கிட்டே இருந்திருப்போம். என் மக இந்த வருசம் ஃபோம் ஃபைவ், பெரிய பரீட்சை. உங்க சமத்துவத்தை எந்தக் கடையில குடுத்து நான் அரிசி வாங்கறது, சொல்லுங்க?”

“விடு சாந்தி, அவங்க நல்லதுக்குத்தானே...” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“எல்லாரும் நல்லதுக்குத்தான் வராங்க லா!”

மோட்டார் சைக்கிள்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது.

“தப்புதான் சாந்தி. உங்களைக் கேட்காம செஞ்சுட்டேன். இப்பக் கேக்கறேன். என்ன செய்யணும்?”

சாந்தி அக்கா இன்னும் திட்டத் தயாராக வந்தவர். கூடையைத் தரையில் வைத்தார்.

“வேலை வேணும். கட்டை வேணாம். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கன்னா நான் வேலையைத்தான் எடுப்பேன். ஆனா ரெண்டுல ஒண்ணுன்னு யாரு வெச்சது? முன்ன கட்டையே இல்லக்கா. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மாத்தாள் சுத்திக்கிட்டே இருக்கும். யாருக்காச்சும் போவணும்னா அது வந்து நிக்கும். உங்க கம்பெனி வெலையக் கொறைச்சிருச்சுன்னு மாத்தாளுங்களை நிப்பாட்டினாரு. அப்புறந்தான் கட்டை வந்துச்சு.”

திரும்பும் வழியில் டோல் வந்தபோது மேடம் அட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். “கட்டையை அவருக்கு நாமதான் அனுப்பி வெச்சிருக்கோம்.”

எங்கள் கொள்முதல் பிரிவுத் தலைவரோடு ஒரு கூட்டம் கேட்டு வாங்கினார். காப்பார் முதலாளியும் சாந்தி அக்காவும் அதில் உட்கார வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் ஒரு யோசனை சொன்னேன். கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கதவில் ஒரே ஒரு கட்டையைத் தொங்கவிடலாம் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

“வெளையாட்டு காட்டினா சிரிச்சுட்டு எழுந்து போயிருவாங்க. அவங்க வெலை பேசறவங்க. வெலையைத்தான் பேசணும்.”

முதலாளி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். திட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தார் போல. மின்தூக்கியில் அடிக்கடி கழுத்துப் பட்டனைத் தொட்டுக்கொண்டிருந்தார். சாந்தி அக்கா கோயிலுக்குப் போகிற சேலையில் வந்திருந்தார். இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“விலை என் பொறுப்பு. கழிப்பறை உங்கள் பொறுப்பு. இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள்?” என்று கொள்முதல் தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“ரெண்டும் ஒரே பெல்ட்டுலதான் ஓடுது சார்” என்று சொல்லிவிட்டு, மேடம் முதலாளியைப் பார்த்தார். “மாத்தாளை ஏன் நிறுத்தினீங்கன்னு நீங்களே சொல்லுங்க பாஸ்.”

முதலாளி தொண்டையைச் செருமினார். “வெலையக் கொறைக்கச் சொன்னீங்க, கொறைச்சேன். மெசினை நிப்பாட்ட முடியாது. கரண்டை நிப்பாட்ட முடியாது. நிப்பாட்டக்கூடிய ஆளைத்தான் நிப்பாட்டினேன். பழைய ஆளுங்க சார் இவங்கள்லாம். அனுப்பணும்னு எனக்கு மட்டும் ஆசையா?”

அதை நான் மொழிபெயர்த்தேன். தலைவர் சாந்தி அக்காவின் பக்கம் திரும்பி மலாயில் மரியாதையாகவே கேட்டார். மாற்றாள் திரும்ப வந்தால் பெட்டிகளின் எண்ணிக்கை கூடுமா?

சாந்தி அக்கா யோசித்தார். தண்டாஸ் மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. சாந்தி அக்கா மலாயிலேயே பதில் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்:

“கூடும்னு பொய் சொல்ல மாட்டேன் சார். அதே பெட்டிதான். ஆனா நாங்க தண்ணி குடிப்போம்.”

தலைவர் பேனாவை மூடித் திறந்தார்.

“இவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள்.”

“கேக்கட்டும் சார். எங்கெல்லாம் கட்டை இருக்குன்னு நமக்கும் தெரிஞ்சிரும்” என்றார் மேடம்.

அவருடைய நிபந்தனைகள் சிறியவை. பெண்கள் யாரையும் நிறுத்தக் கூடாது. கட்டை போக வேண்டும். வரிசைக்கு ஒரு மாற்றாள் திரும்ப வர வேண்டும். அவள் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவு மட்டும் எங்கள் விலையில் ஏற வேண்டும். சிவப்புக் குறியை அவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எடுப்பார். முதலாளி மூன்று முறை தலையாட்டினார். “எழுதிக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்” என்றார்.

இந்த விஷயம் எவ்வளவு செலவு வைக்கும் என்று அதுவரை எங்கள் நிறுவனத்தில் ஒருவரும் கணக்குப் பார்த்திருக்கவில்லை. பெரிதாகத்தான் இருக்கும் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டிருந்தோம். தலைவர் நிதிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டு, சம்பளத்தையும் பெட்டிகளையும் சொல்லிக் கணக்குப் போடச் சொன்னார். அவள் போட்டாள். நம்பாமல் இன்னொரு முறை போட்டாள். பிறகு மடிக்கணினியை மெதுவாக எல்லோர் பக்கமும் திருப்பிவைத்தாள்.

ஒரு பெட்டிக்கு ஒன்றரை சென் காசு.